அடுத்த பந்துக்கு முன்னால்

அத்தியாயம் 6

"தம்பி, போன சனிக்கிழமை உங்க கண்ண எங்க வச்சிருந்தீங்க?"

துப்பறிவாளன் ஜெயகரனின் அலுவலகத்தில், அவன் முகத்துக்கு நேராகவே அன்னம்மாள் கேட்டார். மேஜைமேல் அவர் வைத்த நீலத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பக்கம் மாரெட்பள்ளி கோயில் மகளிர் சாஃப்ட்பால் அணியின் புறா. புறாவுக்குக் கீழே வெள்ளை நூலில் 7.

ஏழாம் எண் ரேச்சலுடையது. ரேச்சல், அன்னம்மாளின் மகன் கலேப்புக்கு நிச்சயமான பெண். கோயிலில் அவர்களுக்கு இரண்டு ஓலை கூறியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, சபை முழுவதும் கேட்க, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைப் போதகரான ஐயர் அறிவிப்பதுதான் ஓலை. நாளை மூன்றாவது. அதற்குப் பிறகு வாய் திறப்பதில் பயனில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அன்னம்மாள் அவனை மணிக்கூண்டுப் பக்கம் ஒதுக்கி, "நேத்து சாயங்காலம் ரேச்சல் எங்க இருந்தான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார். ஜெயகரன் சிரித்துவிட்டான். "விசாரிக்கவே தேவையில்லம்மா. சாஃப்ட்பால் மேட்ச். நான்தான் அம்பயர். ரேச்சல் கேட்சர். ஆட்டம் பூரா எனக்கு முன்னாடிதான் குத்தவச்சு உக்காந்திருந்தா. கைய நீட்டுனா தோள்ல படும்!" என்று கோயில் வளாகத்திலேயே வழக்கை முடித்துவைத்தான். வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொண்டான். மணிக்கூண்டடியில் அவன் சொன்னதைக் கேட்டு அன்னம்மாளின் கண் கலங்கியதையும் பார்த்திருந்தான். ஆனால் பார்த்ததோடு சரி.

"இந்தத் தொப்பி வேறொரு எடத்துல கெடந்துச்சு" என்றார் அன்னம்மாள் இப்போது. பாளையங்கோட்டைக்காரர், செகந்திராபாதுக்கு வந்து எட்டு வருடமாகியும் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் வந்த ஒரு பொண்ணு விட்டுட்டுப் போயிருக்கா. உங்க கிரவுண்டுல இருந்தவ அங்க எப்படி வருவா?"

"எங்கம்மா அது?"

"அத மட்டும் கேக்காதீங்க. அவதான் வந்தாளா, இல்லியா. அத நாளைக்கு ஓலைக்கு முன்னால சொல்லிருங்க. அது போதும் எனக்கு."

அவர் படியிறங்கிப் போன பிறகும் ஜெயகரன் தலையைத் தூக்கவில்லை. காது மடல் இரண்டும் சுட்டன. சாட்சி சொன்னவன் அவன். அதுவும் கண்கண்ட சாட்சி. துப்பறிகிறவனை ஒருவன் ஏமாற்றினால் தொழிலில் சகஜம் என்று விடலாம். மூன்றடி தூரத்தில், மாலை வெயிலில், முழு ஆட்டத்துக்கு ஏமாற்றினால் அதற்குப் பெயர் என்ன?

"கண்ணு மாஸ்க்குக்கு உள்ளதான் சார் இருந்துச்சு" என்றபடி சுபாஸ்ரீ டீயைக் கொண்டுவந்தாள். அவனுடைய உதவியாளர். திண்டுக்கல்லிலிருந்து வந்து இரண்டு வருடம். "மாஸ்க்குக்கு உள்ள ஆளு இருந்தாரான்னுதான் கேட்டிருக்கணும் அந்தம்மா."

"நக்கோமா சுபா. இன்னைக்கு நக்கல் வேணாம்."

டீயை வைக்க வந்தவளின் கால், தரையில் கிடந்த அம்பயர் பையில் இடித்தது. குனிந்தாள். பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அதுல என்ன சாமியா இருக்கு?"

"ரூல்ஸ் புஸ்தகம் இருக்குல்ல சார். கால் பட்டுருச்சு."

அவள் அப்படித்தான். காலையில் ஸ்கூட்டர் சாவியைக்கூடத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் திருகுவாள். இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. என்ன ஆயிற்று என்று திங்களன்றே கேட்டிருந்தான். ஆட்டோ கதவு நசுக்கிவிட்டது என்றாள்.

"நீ அன்னைக்கு என்கூட கிரவுண்டுக்கு வந்திருந்தா கண்டுபிடிச்சிருப்ப" என்றான் ஜெயகரன், தன்மேலேயே இரக்கம் பொங்க. "நான்தான் உன்ன இன்னொரு கேஸுக்காக கச்சிபௌலியில அந்த ஐ.டி. பையன் அபார்ட்மென்ட் வாசல்ல காவலுக்கு நிக்க வச்சுட்டேன்."

"என் தலையெழுத்து சார்" என்று சுபாஸ்ரீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஜெயகரன் தொப்பியைத் திருப்பினான். உள்பட்டையில் சிவப்பு நூலில் இரண்டு சின்னத் தையல்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று பெருக்கல் குறிபோல. பெண் பிள்ளைகள் ஏதோ அழகுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பைக்குள் போட்டான்.

"கிளம்பு. சனத்நகர்."

"சனத்நகரா?" அவள் குரல் ஒரு படி ஏறியது. "அங்க எதுக்கு சார்?"

"அன்னைக்கு எதிர் டீம் கேப்டன் பியூலா அங்கதான் வேலை பாக்குறா. மைதானத்துல ஆள் மாறாட்டம் நடந்தா அத முதல்ல மோப்பம் பிடிக்கிறது எதிர் டீம்தான்."

ஸ்கூட்டரைச் சுபாஸ்ரீ ஓட்டினாள். பேகம்பேட் நெரிசலில் பின்னால் உட்கார்ந்தபடி ஜெயகரன் தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு கடைசி முயற்சி செய்தான். "நான் ஒண்ணுமே கவனிக்கலன்னு நினைக்காத. ஏழாம் நம்பர் அன்னைக்கு வரிசை மாறி பேட் பண்ண வந்தா. நாலாவது வரவேண்டியவ மூணாவதா வந்துட்டா. நான் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"வாயத் திறக்கல. அம்பயர் சொல்லக் கூடாது. எதிர் டீம்தான் வந்து முறையிடணும். அதுவும் எப்ப..."

"அடுத்த ஆளுக்கு அடுத்த பந்து போடறதுக்கு முன்னாடி" என்று முடித்தாள் சுபாஸ்ரீ. "அப்ப சொன்னா, முறைப்படி வந்திருக்க வேண்டியவ அவுட், எடுத்த ரன்னும் கிடையாது. ஒரு பந்து போயிருச்சுன்னா தப்பே சரியாயிரும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதான் சார் டெய்லி சொல்றீங்களே" என்று ஹாரனை அழுத்தினாள்.

வால்வு செய்யும் தொழிற்சாலையின் கான்டீனில் பியூலா அவர்களுக்காகக் காத்திருந்தாள். தரப் பரிசோதனைப் பிரிவு. நெட்டையான பெண், கையில் எண்ணெய்க் கறை, முகத்தில் லேசான எரிச்சல்.

"ஹவ் அங்கிள், ஆமா, தெரியும்" என்றாள், அவன் கேட்டு முடிப்பதற்கு முன்பே. "அது ரேச்சல் இல்ல."

டீ கிளாஸ் ஜெயகரனின் கையில் பாதி வழியில் நின்றது. "அப்பவே தெரியுமா?"

"மூணாவது இன்னிங்ஸ்ல தெரிஞ்சுது. அவ முகக் கம்பி வச்ச ஹெல்மெட்டோட பேட் பண்ண வந்தா. அவங்க டீம் பொண்ணுங்க எல்லாம் 'ரேச்சல், ரேச்சல்'னு கத்துனாங்க, உன் டர்ன் இல்லடி, திரும்பி வாடின்னு. அவ திரும்பிக்கூட பாக்கல. சொந்தப் பேரக் கூப்பிட்டா யாராவது திரும்பாம இருப்பாங்களா? பாவம், அவங்களால வேற பேரச் சொல்லியும் கூப்பிட முடியல."

ஜெயகரனுக்கு அந்தக் கூச்சல் நினைவிருந்தது. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் டீயைப் பார்த்தான்.

"அவ அடிச்சா, ரன் வந்துச்சு. வரிசை தப்புன்னு எனக்குப் புரிஞ்சு உங்ககிட்ட வர்றதுக்குள்ள, எங்க பிட்சர் கோவத்துல அடுத்த பந்தப் போட்டுட்டா. முடிஞ்சுபோச்சு. அந்த ஒரு ரன்லதான் தோத்தோம்."

"அது வரிசைத் தப்பு. ஆள் மாறாட்டத்த, அவ கிரவுண்ட்ல இருக்கற வரைக்கும் எப்ப வேணா நீ சொல்லியிருக்கலாமே? ஏன், கைக்கு சொல்லல?"

பியூலா கொஞ்சம் யோசித்தாள். "நம்ம லீக்ல மாத்து ஆள இறக்குறது தப்பில்ல அங்கிள். அம்பயர்கிட்ட பேரக் குடுத்தா போதும். எதிர் டீம் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி அவங்களே வந்து சொல்லிட்டாக்கூட தண்டனை கிடையாது. அவ்ளோ ஈஸியா இருந்தும் சொல்லலன்னா, ஆள் மாறுனது வெளிய தெரியக் கூடாதுன்னு அர்த்தம். ஓலை கூறிட்டிருக்கிற பொண்ணு. ஓரமா உங்க கோயில் ஆன்ட்டிங்க பத்துப் பேர் உக்காந்திருக்காங்க. நான் கத்தியிருந்தா அவ பேரு என்ன ஆகும்? ஒரு கப்புக்காக ஒரு பொண்ண மானம் கெடுக்கணுமா?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஜெயகரனுக்கு அது கன்னத்தில் விழுந்தது. தெரிந்தவள் வாயைக் கட்டிக்கொண்டாள். தெரியாதவன் மணிக்கூண்டடியில் வாயை அகலத் திறந்தான்.

"இன்னொண்ணு" என்றாள் பியூலா. "அவ நம்ம கிறிஸ்டியன் ஆளு இல்ல. பேட் கீழ விழுந்து, கால் பட்டுச்சு. உடனே குனிஞ்சு அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எங்க வீட்டுல யாரும் அப்படிச் செய்யறதில்ல, ரேச்சலும் செய்யமாட்டா. அப்புறம் பாவம், இடது கட்டைவிரல்ல ஒரு பந்து பலமா பட்டுச்சு. அழுதிருப்பா. சத்தமே வரல. தொண்டை கட்டிருக்குன்னு உங்ககிட்ட சைகை காட்டுனாள்ல, அதுலருந்து கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

பக்கத்தில் சுபாஸ்ரீ சட்டென்று எழுந்தாள். "சார், நான் வண்டிய எடுத்து வைக்கறேன்."

எழுந்த வேகத்தில் பெஞ்சுக்கடியில் வைத்திருந்த ஹெல்மெட்டில் அவள் கால் இடித்தது.

குனிந்தாள். தொட்டாள். விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் அந்த விரல்கள் அப்படியே நின்றன. துணி சுற்றிய இடது கட்டைவிரல் ஹெல்மெட்மேல் இருந்தது.

பியூலா அவளைப் பார்த்தாள். ஜெயகரன் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தான்.

"சுபா" என்றான் மெதுவாக. "ஆட்டோவுக்கு ஏதும்மா கதவு?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். அலைந்தவன் நாமாக இருந்தால் சிரிப்பு வராது. ஜெயகரனுக்கும் வரவில்லை.

தொழிற்சாலை வாசலில், லாரிகள் போய்வரும் புழுதியில் நின்று சுபாஸ்ரீ எல்லாவற்றையும் கொட்டினாள். காலையில் ஓட்டத்துக்குப் போகும் மைதானத்தில் ரேச்சல் பழக்கமானாள். திண்டுக்கல்லில் பள்ளிக்கூட அணியில் சுபாஸ்ரீயும் கேட்சர்தான். அங்கே எப்போதும் மூன்றாவதாக இறங்கிப் பழகியவள், கால் தானாக நடந்துவிட்டது. "வெள்ளிக்கிழம அழுதுக்கிட்டே வந்தாங்க சார். 'ஒருத்தரப் பாக்கணும், அவரப் பாக்காம மூணாவது ஓலைய என்னால கேக்க முடியாது, ஆனா நான் போனது யாருக்கும் தெரியக் கூடாது'ன்னாங்க. யாருன்னு நான் கேக்கல. சனத்நகருக்கு ஆட்டோ புடிச்சது மட்டும் தெரியும்."

"அப்ப கச்சிபௌலி ரிப்போர்ட்? 'நாள் முழுக்க வாசல்லயே நின்னேன், ஆள் வெளிய வரல'ன்னு எழுதிக் குடுத்தியே?"

அவள் தலை இன்னும் தாழ்ந்தது. "அது பொய் சார். ஞாயித்துக்கிழம நீங்க அந்தம்மாகிட்ட அடிச்சுச் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டப்பவே சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... தினமும் உங்களுக்கு டீ வைக்கும்போது வெக்கமா இருந்துச்சு சார். ரொம்ப வெக்கமா இருந்துச்சு."

ஜெயகரனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ வெட்கம்தான். "மூணடி தூரம்" என்றான். "ரெண்டு வருஷமா எதிர் மேஜையில உக்காந்திருக்கிறவ. எனக்கெப்படித் தெரியாமப் போச்சு?"

"வாய மூடிக்கிட்டு இருந்தேன்ல சார்" என்றாள் சுபாஸ்ரீ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அது நானா இருக்கும்னு யாருக்குத் தோணும்?"

அவனையும் மீறி ஒரு சிரிப்பு வந்துபோனது.

பியூலா வாசல்வரை வந்திருந்தாள். ஜெயகரன் பையிலிருந்து தொப்பியை எடுத்து, "இது உங்க ஏரியாவுல எங்கயோ கிடந்திருக்கு" என்று நீட்டினான். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்புத் தையலில் அவள் கண் நின்றது.

"கிடக்கல அங்கிள். இது துணி வெளுக்கற அடையாளம். எங்க ஃபேக்டரிக்குப் பின்னாடி மனநலம் சரியில்லாதவங்கள வச்சுப் பாத்துக்கற விடுதி ஒண்ணு இருக்கு. கொடியில காயற துணி எல்லாத்துலயும் இந்தச் சிவப்பு நூல் இருக்கும். ஆளுக்கொரு அடையாளம். மாறிடக் கூடாதுல்ல."

பள்ளி விடுதியில் படித்த ஜெயகரனின் சட்டைக் காலரிலும் ஒரு காலத்தில் இப்படி ஒன்று இருந்தது. அதுகூட நினைவுக்கு வரவில்லையே! அடையாளம் தைத்திருக்கிறார்கள் என்றால், தொப்பி தவறி விழுந்ததல்ல. அங்கே குடியிருக்கும் ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது.

இப்போது மணிக்கூண்டு அவன் கண்முன் வந்தது. ரேச்சல் மைதானத்தில்தான் இருந்தாள் என்றதும் கலங்கிய அந்தக் கண்கள். மருமகளின் நடத்தையைச் சந்தேகித்த மாமியார், சந்தேகம் தீர்ந்தால் சிரிப்பாள், இல்லையென்றால் ஏமாந்துபோவாள். உயிர்தப்பியவள்போல் அழமாட்டாள். அன்னம்மாள் பயந்தது ரேச்சலைப் பற்றியல்ல. அந்த இடத்தைப் பற்றி.

"சுபா, நம்மள வேவு பாக்க அனுப்புனது பொண்ணோட ரகசியத்துக்காக இல்ல" என்றான். "தன்னோட ரகசியம் வெளிய போயிருச்சான்னு பாக்க."

விடுதி பின்தெருவில்தான் இருந்தது. வேப்பமரம், சிமெண்டு பெஞ்சுகள், கொடி நிறையத் துணி. கடைசி பெஞ்சில் முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருவன் உட்கார்ந்திருந்தான். கலேப்பின் அதே நெற்றி, அதே மூக்கு. வெறுந்தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அமர்ந்து டிபன் பாக்ஸிலிருந்து அவனுக்குச் சோறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அன்னம்மாள்.

அவர் நிமிர்ந்தார். டிபன் பாக்ஸை மூடினார், அதை மூடினால் மகனையும் மறைத்துவிடலாம் என்பதுபோல.

"எம்மா, தொப்பி எங்க?" என்றான் அவன். "தாரேன்னு கொண்டுபோனீயளே. அந்தப் புள்ள எனக்குத்தான குடுத்துச்சு?"

காலையில் தன் மேஜைமேல் வைக்கப்பட்ட சாட்சிப் பொருள், இந்த மனிதனின் தலையிலிருந்து எடுக்கப்பட்டது என்பது ஜெயகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்து அதை எடுத்தான். அவனிடம் நீட்டவில்லை. அன்னம்மாளின் மடியில் வைத்தான்.

அன்னம்மாள் அதை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு மகனின் தலையில் வைத்துவிட்டார். அவன் அதைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சோற்றுக்குக் கை நீட்டினான்.

"மூத்தவன்" என்றார் அன்னம்மாள். "பேரு ஜோசியா. காலேஜ் முடிச்சப்போ வந்துட்டு இந்தச் சீக்கு. ஊர்ல ஒரு கல்யாண வீட்டுக்காரங்க பத்திரிகைய கையில குடுத்துட்டே, 'பெரியவன மட்டும் வீட்டுல விட்டுட்டு வாங்க'ன்னாங்க. அதுக்கப்புறம் அந்த ஊர்ல இருக்க முடியல. இங்க வந்த புதுசுல கோயில்ல ஒரு அம்மா கேட்டாங்க, எத்தன புள்ளைங்கன்னு. ஒண்ணுன்னு வாய்ல வந்துட்டு தம்பி. எப்படி வந்துச்சுன்னே தெரியல. அடுத்த வாரம் இன்னொருத்தர் கேட்டாங்க. முந்தின வாரம் ஒண்ணுன்னு சொன்னவ, இந்த வாரம் ரெண்டுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்தத் தாய் எட்டு வருடம் மறைத்திருக்கிறார்; சனிக்கிழமைதோறும் அதே சோற்றை இங்கே வந்து பிசைந்து ஊட்டியுமிருக்கிறார். ஜெயகரன் போன ஞாயிறு கேட்ட ஓலையை நினைத்தான். 'அன்னம்மாள் அவர்களின் ஏக குமாரன் கலேப்' என்று ஐயர் வாசித்தார். இரண்டு முறை வாசித்தாகிவிட்டது.

"கலேப்தான் ரேச்சல்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றான்.

"எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவன். மீறிட்டான். போன சனிக்கிழமை ராத்திரியே இங்கருந்து போன் வந்துச்சு, ஒரு பொண்ணு வந்துட்டுப் போச்சுன்னு; இன்னைக்குக் காலையில பாத்தா இவன் தலையில அந்தத் தொப்பி." அவர் குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு அவங்க வீட்டுல எந்திரிச்சு நின்னு சொல்லிட்டா? பைத்தியத்த மறைச்ச குடும்பம்னு? அண்ணன் இருக்கையில தம்பிக்கு எப்படிக் கல்யாணம்னு சபை முழுக்கக் கேக்குமே. நீங்க என்ன ரிப்போர்ட் குடுக்கப் போறீங்க தம்பி?"

"ரிப்போர்ட்ட விடுங்கம்மா. எனக்கு உங்க முகத்தப் பாக்கவே கூசுது. நான் சொன்னது பொய்ச்சாட்சி. அன்னைக்கு எனக்கு முன்னால உக்காந்திருந்தது இவ." சுபாஸ்ரீயைக் காட்டினான். அவள் இரு கையையும் கூப்பிவிட்டாள். "என்னோட அசிஸ்டென்ட். எனக்கே தெரியல. இவளும் ஒரு வாரம் சொல்லாம மென்னு முழுங்கிட்டா. ஆக இங்க வெக்கப்பட வேண்டியவங்க வரிசையில நிக்கிறோம், நீங்க மட்டும் இல்ல."

அன்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"எங்க ஆட்டத்துல ஒரு சட்டம் இருக்கும்மா. சொல்லாம ஒருத்தர ஆட்டத்துல இறக்குனா தப்பு. எதிர் ஆளு கண்டுபிடிச்சுச் சொன்னா தண்டனை. ஆனா தப்புப் பண்ணவங்களே முதல்ல வந்து சொல்லிட்டா தண்டனையே கிடையாது. உங்க வீட்டுல ஒருத்தர ஆட்டத்துலருந்தே எடுத்துட்டீங்க. இன்னும் யாரும் முறையிடல. நாளைக்கு ஓலை வரைக்கும் நேரம் இருக்கு."

"சொல்லிட்டா, அந்தப் புள்ள என் மவன வேண்டாம்னுட்டா?"

பதில் பெஞ்சிலிருந்து வந்தது.

"அந்தப் புள்ள என்னக் கல்யாணத்துக்கு வரச் சொல்லிச்சு" என்றான் ஜோசியா, வாயில் சோற்றோடு. "அண்ணன்தான் முன்னால வரணுமாம். தம்பி பெறத்தால வருவானாம். தொப்பி போட்டுட்டு வரட்டான்னு கேட்டேன். சரின்னுட்டு."

அன்னம்மாள் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டார். அன்னம்மாள் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஜெயகரனும் கேட்கவில்லை.

மறுநாள் கோயிலில் அன்னம்மாள் எப்போதும் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

அதைப் பார்த்ததும் ஜெயகரன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவசரப்பட்டுவிட்டோமோ? முதல் வரிசையில் கலேப் கல்லாய் உட்கார்ந்திருந்தான். பெண்கள் பக்கம் ரேச்சல் கண்ணை மூடியிருந்தாள். நேற்று மாலையே அவள் கோப்பையைக் கொண்டுபோய் பியூலாவிடம் கொடுத்து, விஷயத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். பியூலா கோப்பையை வாங்கிக்கொண்டாள், கல்யாணத்துக்குப் பிரியாணி உண்டா என்றும் கேட்டாளாம். கடைசி பெஞ்சில், வாழ்க்கையில் முதல்முறையாகக் கோயிலுக்கு வந்த சுபாஸ்ரீ, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

ஐயர் அறிவிப்புகளுக்கு வந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

"மூன்றாம் முறையாக அறிவிக்கப்படுகிறது. நமது சபையைச் சேர்ந்த அன்னம்மாள் அவர்களின்..."

நிறுத்தினார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"...இளைய குமாரன் கலேப்புக்கும்..."

சபையில் ஒரு சலசலப்பு எழுந்து பரவியது. இளைய குமாரனா? மின்விசிறிகளுக்குக் கீழே தலைகள் ஒன்றையொன்று பார்த்தன. ஐயர் நிறுத்தாமல் ரேச்சலின் பெயரையும் வாசித்துவிட்டு, நியாயமான தடை தெரிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று காத்திருந்தார்.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. அன்னம்மாள் வந்தார். நேற்றைவிட முதுகு கூனியிருந்தது. பார்வை தரையைவிட்டு எழவில்லை. வெட்கம் போய்விடவில்லை, அதையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். அவருடைய மறு கையைப் பிடித்தபடி, வெள்ளைச் சட்டையும் நீலத் தொப்பியுமாக ஜோசியா வந்தான். கோயிலுக்குள் தொப்பியா என்று ஒரு மூப்பர் எழுந்து கையால் தலையைத் தொட்டுக் காட்டினார். அன்னம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மூப்பர் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் தடை சொல்லவில்லை. ஜெயகரன் தலையைக் குனிந்துகொண்டான். எட்டு வருடம் அந்தத் தாயை ஞாயிறுதோறும் பார்த்திருக்கிறான். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டவர்களில் தானும் ஒருவனா என்று நினைவுபடுத்திப் பார்த்தான். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

முதல் வரிசையில் கலேப் எழுந்தான். பெஞ்சின் ஓரத்தைவிட்டு நடைபாதைக்கு வந்து, ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

ஜோசியா உள்ளே போய் உட்கார்ந்தான். அதன் பிறகுதான் கலேப் உட்கார்ந்தான்.